கையெழுத்தும் வரப்பும்: செக் கூட்டுப்பண்ணைத் திரைப்படங்கள் (1950–1985) – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

செக்கோஸ்லோவாக்கியாவில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தொடங்கி, 1960 அளவில் நிறைவுற்ற வேளாண் கூட்டுடைமையாக்கம், அந்நாட்டுச் செக் மொழித் திரைப்படங்களில் நாற்பதாண்டுக் காலம் தொடர்ந்து பேசப்பட்ட பொருளாகும். 1989க்குப் பின்னர் இப்படங்கள் ‘பரப்புரைப் படங்கள்’, ‘எதிர்ப்புப் படங்கள்’ என இருவகையாகவே பெரிதும் பகுக்கப்பட்டு வந்துள்ளன. அப்பகுப்பைக் கடந்து, உழவர் ஒருவர் கூட்டுப்பண்ணையில் சேர இசைவு தெரிவிக்கும் கையெழுத்து, ஒவ்வொரு காலகட்டத்திலும் திரையில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கையெழுத்து, முதலில் மகிழ்ச்சியான முடிவாகவும், பின்னர் ஊரைப் பிளந்த காயமாகவும், இறுதியில் பேசப்படாத முன்கதையாகவும் மாறிய வரிசையே, அந்த இசைவின் உண்மைத் தன்மையைக் குறித்த வரலாற்றுச் சான்றாகிறது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கூட்டுடைமையாக்கம், செக் திரைப்படம், குலாக், வொய்த்யெக் யாஸ்னீ, ஸ்தெனெக் ஸிரோவீ, யிர்ஷி மென்ட்ஸெல், இயல்பாக்கக் காலம்.

முன்னுரை

திரைப்படம் வரலாற்றுக்குச் சான்றாகுமா என்னும் வினாவைப் பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் ஃபெரோ 1970களில் முறையாக எழுப்பினார். திரைப்படம் தான் காட்ட விரும்பியதைவிடக் கூடுதலாகவே காட்டிவிடுகிறது என்பது அவர் நோக்கின் சாரம். அரசே தயாரிப்பாளராகவும் தணிக்கையாளராகவும் விநியோகிப்பாளராகவும் விளங்கிய நாடுகளின் படங்களுக்கு இந்நோக்கு மிகவும் பொருந்தும். செக்கோஸ்லோவாக்கியத் திரைத்துறை 1945 ஆகஸ்டில், அதாவது பொதுவுடைமைக் கட்சி முழு ஆட்சியைக் கைப்பற்றுவதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே, குடியரசுத் தலைவரின் ஆணையால் நாட்டுடைமையாக்கப்பட்டது. ஆகவே, இங்கு ஆராயப்படும் படங்கள் யாவும் அரசுத் தயாரிப்புகளே. ஆட்சியைப் புகழ்ந்த படமும், ஆட்சி பூட்டிவைத்த படமும் ஒரே துறையின் செலவில் உருவானவை.

இப்படங்களைக் குறித்த ஆய்வுகள் இருவேறு தளங்களில் நிகழ்ந்துள்ளன. பீட்டர் ஹேம்ஸ் போன்றோர் 1960களின் ‘புதிய அலை’ப் படங்களின் கலைமதிப்பை முன்வைத்தனர். காரெல் யெக் போன்ற வரலாற்றறிஞர்கள் உழவர்கள்மீது நிகழ்த்தப்பட்ட அடக்குமுறையை ஆவணங்கள்வழி நிறுவினர். முதல் தளத்தில் 1950களின் எளிய பரப்புரைப் படங்களுக்கு இடமில்லை. இரண்டாம் தளத்தில் திரைப்படம் வெறும் எடுத்துக்காட்டாகவே அமைந்துவிடுகிறது. பரப்புரைப் படம், பூட்டிவைக்கப்பட்ட படம், மக்கள் விரும்பிய நகைச்சுவைப் படம் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துக் காணும்போது வேறொரு வரலாறு புலப்படுகிறது. திரைப்படத் தலைப்புகள் இக்கட்டுரையில் தமிழாக்கமாகத் தரப்பெறுகின்றன. முதன்மையானவற்றிற்குச் செக் ஒலிப்பு அடைப்புக்குள் தரப்பெறுகிறது.

1. நிலமும் சட்டமும்: வரலாற்றுப் பின்புலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக் நாட்டின் எல்லைப்புறப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ முப்பது இலட்சம் செருமானியர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற நிலம் புதுக்குடியேறிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. வேளாண் அமைச்சகம் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த யூலியுஸ் தியூரிஷிடம் இருந்தமையால், நிலம் பெற்றோரின் நன்றியும் அக்கட்சிக்கே உரியதாயிற்று. அக்காலத்தில் சோவியத் பாணிக் ‘கோல்கோஸ்’ பண்ணைகள் செக்கோஸ்லோவாக்கியாவில் அமைக்கப்பட மாட்டா எனக் கட்சித் தலைமை உறுதி கூறிவந்தது. 1948 பிப்ரவரியில் ஆட்சி கைமாறிய பின்னரும், மார்ச் மாதம் இயற்றப்பட்ட சட்டம் 50 ஹெக்டேரை உச்சவரம்பாக வைத்து, நிலத்தை ‘உழுபவர்க்கே’ வழங்குவதாக அறிவித்தது. ஓராண்டுக்குள் நிலை மாறியது. 1949 பிப்ரவரி 23 அன்று ‘ஒன்றிணைந்த வேளாண் கூட்டுறவு’ச் சட்டம் நிறைவேறியது.

இப்பெயரில் உள்ள ‘கூட்டுறவு’ என்னும் சொல் கவனத்திற்குரியது. செக் சிற்றூர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கடன் சங்கங்களும் பால் சங்கங்களும் கொள்முதல் சங்கங்களும் உழவர்களின் சொந்த முயற்சியால் தழைத்திருந்தன. புதிய சட்டம் அவற்றை ‘ஒன்றிணைத்தது’. உழவர் நன்கறிந்து மதித்த சொல்லொன்று, அவர் அறியாத அமைப்பு ஒன்றிற்குப் பெயராயிற்று.

புதிய கூட்டுறவுப் பண்ணைகள் நான்கு வகைப்பட்டன. முதல் வகையில் உழவர்கள் வேலைகளை மட்டும் சேர்ந்து செய்தனர். இரண்டாம் வகையில் வயல்களுக்கு இடையிலான வரப்புகள் உழுது அழிக்கப்பட்டன. மூன்றாம் வகையில் கால்நடைகளும் பொதுவாயின. நான்காம் வகையில் நிலத்தின் அளவுக்கு மதிப்பின்றி, உழைப்புக்கு மட்டுமே ஊதியம் கணக்கிடப்பட்டது. எனினும் சோவியத் ஒன்றியத்திற்கு மாறாக, இங்கு நிலம் நாட்டுடைமையாக்கப்படவில்லை. உழவரின் பெயர் நிலப்பதிவேட்டில் அப்படியே நின்றது. பயன்பாட்டு உரிமை மட்டுமே பண்ணைக்குச் சென்றது. அந்த மாற்றத்திற்குத் தேவைப்பட்டது உழவரின் கையெழுத்து. அரசு நிலத்தைப் பறிமுதல் செய்வதைவிட உழவரே மனமுவந்து ஒப்படைத்ததாகக் காட்ட விரும்பியது. எனவே, கூட்டுடைமையாக்கத்தின் முழு நெருக்கடியும் ஒரு தாளின் அடியில் இடப்படும் பெயரில் வந்து குவிந்தது.

கையெழுத்தைப் பெறுவதற்கு வலுவான கருவிகள் இருந்தன. நிலப்பரப்பு கூடக்கூடக் கடுமையாகும் கட்டாயக் கொள்முதல் அளவு முதல் கருவி. அவ்வளவை நிறைவேற்றாதோர் தண்டம், பறிமுதல், சிறை ஆகியவற்றை எதிர்கொண்டனர். தனியாரிடமிருந்த பெரிய வேளாண் எந்திரங்கள் அரசின் எந்திர நிலையங்களுக்கு மாற்றப்பட்டன. ‘குலாக்’ என முத்திரை குத்தப்பட்ட உழவரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டது. 1951 இறுதியில் தொடங்கிய ‘கா நடவடிக்கை’, தண்டிக்கப்பட்ட உழவர்களின் குடும்பங்களைச் சொந்த ஊரிலிருந்து பெயர்த்து, தொலைவிலுள்ள அரசுப் பண்ணைகளுக்கு அனுப்பியது. அக்குடும்பங்கள் ஊர் திரும்பத் தடையும் இருந்தது. 1951 ஜூலையில் பாபிட்ஸே என்னும் மொராவியச் சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் உள்ளூர் அலுவலர் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்த வழக்குகளில் 11 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களில் பாதிரியார்களும் உழவர்களும் இருந்தனர்.

இவ்வழுத்தத்தின் தன்மையை 1953ஆம் ஆண்டு நிகழ்வொன்று வெளிப்படுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் கிளீச்சவா அணைத் திறப்பில் பேசிய குடியரசுத் தலைவர் அன்டொனீன் ஸாபொதோட்ஸ்கி, பண்ணையை விட்டு வெளியேற விரும்புவோரை வற்புறுத்தி நிறுத்திவைப்பதில் பயனில்லை என்னும் பொருள்படக் கூறினார். அச்செய்தி பரவியவுடன் பல ஊர்களில் உழவர்கள் பண்ணைகளை விட்டு விலகத் தொடங்கினர். சில பண்ணைகள் கலைந்தன. 1955இல் இரண்டாவது அலையாக அழுத்தம் மீண்டது. 1960இல் புதிய அரசமைப்பு நாட்டைச் சோசலிசக் குடியரசு என அறிவித்தபோது விளைநிலத்தின் மிகப் பெரும்பகுதி கூட்டுறவுப் பண்ணைகளிடமும் அரசுப் பண்ணைகளிடமும் இருந்தது.

2. மகிழ்ச்சியான முடிவு: 1950களின் முற்பகுதி

சட்டம் வந்த ஓரிரு ஆண்டுகளிலேயே கூட்டுப்பண்ணை திரைக்கு வந்தது. ஒல்த்ரிஷிக் லிப்ஸ்கியும் யான் ஸ்த்ரெய்ச்செக்கும் இயக்கிய ‘கோழியும் கோயிற்பணியாளனும்’ (1950), யிர்ஷி செக்வென்ஸின் ‘மகிழ்ச்சிக்கான பாதை’ (1951), யிர்ஷி க்ரெய்ச்சீக்கின் ‘நமக்கு மேலே விடிகிறது’ (1952) ஆகியன அவ்வரிசையின் அறியப்பட்ட படங்கள். ‘மகிழ்ச்சிக்கான பாதை’யின் நாயகி டிராக்டர் ஓட்டும் இளம்பெண். எந்திரத்தின்மீது அமர்ந்த பெண், பழைய ஊரின் நில ஒழுங்கையும் குடும்ப ஒழுங்கையும் ஒருசேரக் கடப்பவளாக இவ்வகைப் படங்களில் நிற்கிறாள்.

இவ்வகைப் படங்களின் கதைமாந்தர் சில வார்ப்புகளில் அடங்குவர். வழிகாட்டும் கட்சி ஊழியர், ஆர்வமுள்ள இளையோர், சூழ்ச்சி செய்யும் பணக்கார உழவர், முடிவெடுக்கத் தயங்கும் நடுத்தர உழவர் என்போர் அவர்கள். கதையின் இயக்கம் முழுவதும் கடைசியாகச் சொல்லப்பட்டவரைச் சுற்றியே அமைகிறது. பணக்கார உழவர் மாற மாட்டார். ஏழை உழவர் மாற வேண்டியதில்லை. தயங்குபவர் மனம் மாறி இசைவு தெரிவிக்கும் இடத்தில் கதை முடிவடைகிறது. நகைச்சுவைப் படத்தில் திருமணம் வகிக்கும் இடத்தை இங்குப் பண்ணையில் சேர்தல் வகிக்கிறது எனலாம். பல படங்களில் இரண்டும் ஒன்றாகவே நிகழ்கின்றன.

இக்கதையமைப்பை மறுவாசிப்புக்கு உட்படுத்தும்போது ஒன்று தெளிவாகிறது. பரப்புரைக்கு மிகுதியும் தேவைப்பட்டது தயக்கம்தான். தயக்கம் இல்லையெனில் கதை இல்லை. மனமாற்றம் தானாக நிகழ்ந்தது எனக் காட்டுவதற்காகவே, சேர விரும்பாத உழவரை இப்படங்கள் மீண்டும் மீண்டும் திரையின் நடுவில் நிறுத்தின. அவரது தயக்கத்திற்கான காரணங்களாக அறியாமை, மூடநம்பிக்கை, பணக்காரரின் தூண்டுதல் ஆகியவையே கூறப்பட்டன. கொள்முதல் அளவும் தண்டமும் காட்சிக்கு வரும்போதும், அவை நேர்மையானவரை வருத்தாத, ஏமாற்றுவோரை மட்டும் பிடிக்கும் நீதியாகவே வருகின்றன. ஆவணங்களில் கட்டாயமாக இருப்பது திரையில் தெளிவு பெறுதலாக உருமாறுகிறது.

‘கோழியும் கோயிற்பணியாளனும்’ படத்தின் நடிகர்களின் வாழ்க்கை இவ்வுருமாற்றத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மொராவியாவின் ஸ்லொவாட்ஸ்கோ வட்டாரத்து ஆடைகளும் பாடல்களும் நிறைந்த இந்நகைச்சுவைப் படத்தில், போருக்கு முந்தைய செக் திரையின் பெரும் நகைச்சுவை நடிகரான விளாஸ்தா புரியான், போர்க்காலச் செயல்பாடுகளுக்காக விதிக்கப்பட்ட தடைக்குப் பின் மீண்டும் தோன்றினார். உடன் நடித்தவர் யிர்ஷினா ஷ்தியெப்னிச்கோவா. 1935இல் வெளிவந்த ‘மரிஷா’ படத்தில், விருப்பமில்லாத மணத்திற்குத் தள்ளப்படும் உழவர் மகளாக நடித்துச் செக் கிராமத்துப் பெண்ணின் திரைமுகமாகவே அறியப்பட்டவர் அவர். 1951 இலையுதிர் காலத்தில் எல்லையைக் கடந்து வெளியேற முயன்றபோது கைதான அவருக்கு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1960இல்தான் அவர் விடுதலை பெற்றார். திரையில் மகிழ்ச்சியான கிராமத்தைக் காட்டிய முகம், அந்நாட்டை விட்டு வெளியேற முயன்றதற்காகச் சிறையில் இருந்தது.

3. வெற்றி பெற்ற பண்ணை, தனித்த தலைவர்: ‘பெருந்தனிமை’

ஸ்டாலின் மறைவுக்குப் பின், குறிப்பாக 1956க்குப் பின், திரைத்துறையின் படைப்புக் குழுக்களுக்குச் சற்று விடுதலை கிடைத்தது. லதிஸ்லாவ் ஹெல்கேயின் ‘பெருந்தனிமை’ (வெல்கா ஸமோதா, 1959) அச்சூழலில் உருவானது. எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றின் நலிந்த பண்ணைக்குத் தலைவராகும் ஒருவர், அதனை விடாமுயற்சியால் உயர்த்துகிறார். ஆனால் எவரையும் கலந்துகொள்ளாமல், எவரையும் நம்பாமல், ஆணைகளாலேயே உயர்த்துகிறார். பண்ணை வெல்கிறது. ஊராரும் நெருங்கியோரும் அவரை விட்டு விலகுகின்றனர்.

ஹெல்கே கூட்டுப்பண்ணையின் எதிரி அல்லர். சோசலிசத்தில் நம்பிக்கை கொண்டு, அதன் நடைமுறையை விமரிசித்தவர். இப்படத்திலும் பண்ணை இருக்கலாமா என்பது வினா அன்று. பண்ணையை நடத்துவோருக்கும் ஊருக்கும் இடையிலான உறவு யாது என்பதே வினா. ஐம்பதுகளின் தொடக்கத்துப் படங்கள் கையெழுத்தோடு முடிந்தன. ஹெல்கேயின் படம் அதற்குப் பிறகான காலத்தில் தொடங்கி, உழவரின் இசைவு ஒருமுறை பெறப்பட்டால் போதுமா என்று கேட்கிறது. 1959 பிப்ரவரியில் பன்ஸ்கா பிஸ்திரித்சாவில் நடந்த திரைப்பட விழாவில், நிகழ்கால வாழ்வை விமரிசித்த படங்கள் கட்சித் தரப்பால் கடுமையாகத் தாக்கப்பட்டன. அதன்பின் நிலவிய இறுக்கத்தில் ‘பெருந்தனிமை’யின் முடிவும் நம்பிக்கை தரும் வகையில் மாற்றியமைக்கப்பட்டது. தலைவரின் தனிமையைத் தீர்வின்றி விட்டுவைக்க அன்றைய ஆட்சியால் இயலவில்லை.

4. மறுக்கப்பட்ட கையெழுத்து: ‘நல்லோராகிய நம் ஊரார் அனைவரும்’

வொய்த்யெக் யாஸ்னீயின் ‘நல்லோராகிய நம் ஊரார் அனைவரும்’ (ஃப்ஷிக்னி தோப்ரீ ரொதாட்சி) 1968இல் எடுக்கப்பட்டு 1969இல் வெளியானது. இதனை மதிப்பிடுமுன் இயக்குநரின் தொடக்கம் நினைவுகூரத்தக்கது. 1950இல் காரெல் காக்கின்யாவுடன் இணைந்து யாஸ்னீ உருவாக்கிய ‘எப்போதும் மேகமூட்டம் இல்லை’ என்னும் படம், எல்லைப்புறச் சிற்றூரின் புதுவாழ்வை நம்பிக்கையோடு பதிவு செய்தது. அதாவது, கூட்டுடைமையாக்கக் காலத்தின் நம்பிக்கையைத் திரையில் கட்டமைத்தவர்களில் ஒருவரே, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதன் விலையைக் கணக்கிட்டார். இப்படத்தைப் புறத்திலிருந்து எழுந்த எதிர்ப்பாகக் கொள்வதைவிட, அந்நம்பிக்கையின் உள்ளிருந்து எழுந்த தன்னாய்வாகக் கொள்வதே பொருந்தும்.

படம் யாஸ்னீயின் சொந்த ஊரான கெல்ச்சின் நினைவுகளை அடிப்படையாகக் கொண்டது. போர் முடிந்த 1945இன் வசந்தத்தில் தொடங்கி, ஆண்டுகளையும் பருவங்களையும் ஒட்டி நகர்கிறது. சேர்ந்து குடித்தும் பாடியும் மகிழும் நண்பர்கள் சிலரின் கூட்டம் அது. தேவாலயத்தில் இசைக்கருவி வாசிக்கும் ஒச்செனாஷ், அஞ்சற்காரன் பெர்த்தின், கைச்சுத்தமில்லாத யோர்ஷ்கா, குற்றவுணர்வால் அலைக்கழியும் ஸாஷினெக், உழவன் ஃபிரான்டிஷெக் முதலியோர் அதில் உள்ளனர். 1948க்குப் பின் இக்கூட்டம் ஒவ்வொருவராக உதிர்கிறது. கட்சியின் பக்கம் நிற்கும் ஒச்செனாஷைக் குறிவைத்ததாகக் கருதப்படும் குண்டு பெர்த்தினைக் கொல்கிறது. பாபிட்ஸே நிகழ்வை அறிந்த செக் பார்வையாளருக்கு இக்காட்சியின் அச்சம் விளக்கம் தேவைப்படாத ஒன்று. ஒச்செனாஷ் ஊரை விட்டே செல்ல நேர்கிறது.

படத்தின் அச்சாக நிற்பவன் ஃபிரான்டிஷெக். அவன் கட்சியின் எதிரி எனச் சொல்லத்தக்க கொள்கை எதுவும் பேசுவதில்லை. நல்ல உழவன் என்னும் மதிப்பே அவனது வலிமை. பண்ணையில் சேருமாறு ஊரார் கூட்டப்படும்போது எல்லாருடைய பார்வையும் அவன்மீது விழுகிறது. அவன் மறுக்கிறான். அவனைக் கண்டு மற்றவரும் பின்வாங்குகின்றனர். ஐம்பதுகளின் படங்களில் தயங்கும் உழவர் வகித்த அதே நடுவிடத்தில்தான் ஃபிரான்டிஷெக்கும் நிற்கிறான். ஆனால் அங்குத் தயக்கம் அறியாமையாக இருந்தது. இங்கு மறுப்பு அறிவாக இருக்கிறது. அவன் சிறைபிடிக்கப்படுகிறான், நலிந்து திரும்புகிறான். ஆண்டுகள் கழித்து ஊருக்கு வரும் ஒச்செனாஷ், ஃபிரான்டிஷெக் மறைந்துவிட்டதை அறிகிறான்.

இழப்பை யாஸ்னீ எவ்வாறு அளவிடுகிறார் என்பது நுணுகி நோக்கத்தக்கது. எத்தனை ஹெக்டேர் பறிபோயிற்று என்பது படத்தின் கணக்கன்று. யாரோடு யார் பேசுவதை நிறுத்தினர், யார் யாருக்குச் சாட்சி சொல்லவில்லை, யார் வீட்டுப் பொருளை யார் எடுத்துக்கொண்டனர் என்பவையே கணக்கு. தலைப்பிலுள்ள ‘அனைவரும்’ என்னும் சொல் இதனால் பொருள் பெறுகிறது. கொடியவர் சிலர், பாதிக்கப்பட்டோர் சிலர் எனப் பிரித்து அமைதி கொள்ள அது இடம் தருவதில்லை. யரோஸ்லாவ் குச்செராவின் ஒளிப்பதிவில் மொராவிய நிலம் பருவந்தோறும் அழகாகவே மாறிக்கொண்டிருக்கிறது. மனிதர் மட்டுமே திரும்புவதில்லை. 1969 கான் விழாவில் இப்படம் சிறந்த இயக்குநருக்கான பரிசை, பிரேசிலின் கிளாபர் ரோச்சாவுடன் பகிர்ந்து பெற்றது. உள்நாட்டில் விரைவில் திரையரங்குகளிலிருந்து விலக்கப்பட்டது. யாஸ்னீ 1970இல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

5. கல்லறைக்கான உரிமை: ‘இறுதிச் சடங்கு’

ஈவா கன்தூர்கோவாவின் புனைகதையை அடிப்படையாகக் கொண்டு ஸ்தெனெக் ஸிரோவீ 1969இல் எடுத்த ‘இறுதிச் சடங்கு’ (ஸ்முதெச்னீ ஸ்லவ்னொஸ்த்), பொதுத் திரையிடலுக்கு வராமல் பெட்டகத்தில் வைக்கப்பட்டது. 1989இல் ஆட்சி மாறிய பின்னரே பொதுமக்கள் அதனைக் காண இயன்றது. கதை மிகச் சிறியது. ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட உழவர் க்லதில் அயலூரில் இறக்கிறார். அவர் மனைவி மதில்தா, கணவரின் உடலைச் சொந்த ஊரின் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்ய விரும்புகிறார். உள்ளூர் அலுவலர்கள் மறுக்கின்றனர். அம்மறுப்பின் ஊடே, வெளியேற்றத்தின் பழைய நிகழ்வுகள் நினைவுகளாகத் திரும்புகின்றன.

‘கா நடவடிக்கை’யின் ஊர்திரும்பல் தடை, இப்படத்தின் மையச் சிக்கலாக அமைகிறது. வயல், வீடு, கால்நடை ஆகிய யாவும் போனபின் உழவருக்கு உரியதாக எஞ்சியது ஆறடி நிலம். அதனைத் தருவதும் அலுவலர்களுக்கு இடராகிறது. ஏனெனில், இறந்தவர் திரும்பினால் அவர் ஏன் சென்றார் என்னும் வினாவும் உடன் திரும்பும். அலுவலர்கள் அஞ்சுவது எதிர்ப்பைவிட நினைவையே என்பதை ஸிரோவீ மிகையின்றி உணர்த்துகிறார். கறுப்பு உடையணிந்த மக்கள் சவப்பெட்டியைத் தொடரும் ஊர்வலம், முழக்கமோ பதாகையோ இன்றியே மௌன எதிர்ப்பாக மாறுகிறது.

யாஸ்னீயின் படம் கையெழுத்து மறுப்பின் கதை எனில், ஸிரோவீயின் படம் கையெழுத்தே கேட்கப்படாதவரின் கதை. குலாக்காக அறிவிக்கப்பட்டவரின் இசைவு அரசுக்குத் தேவைப்படவில்லை. பலரைச் சேரச் செய்வதற்குச் சிலரை வெளியேற்றுவது வழிமுறையாக இருந்தது. இவ்விரு படங்களையும் சேர்த்து நோக்கும்போதே ‘மனமுவந்து சேர்தல்’ என்பதன் இயங்குமுறை முழுமையாகப் புலப்படுகிறது. ஒருவர் வண்டியேற்றப்படுவதைக் கண்ட அண்டை வீட்டார் இட்ட கையெழுத்து அது.

6. மறைந்த கையெழுத்து: இயல்பாக்கக் காலம்

1968 ஆகஸ்டில் வார்சா ஒப்பந்தப் படைகள் நுழைந்தன. 1969 ஏப்ரலில் குஸ்தாவ் ஹுசாக் கட்சித் தலைமையை ஏற்றார். பின்வந்த இருபதாண்டுகள் ‘இயல்பாக்கக் காலம்’ எனப்படுகின்றன. கூட்டுடைமையாக்கம் குறித்த கதையாடலை மீண்டும் கைப்பற்றுவது அக்காலப் பண்பாட்டுக் கொள்கையின் பணிகளுள் ஒன்றாயிற்று. அப்பணி பெரிதும் தொலைக்காட்சியிடம் சென்றது. யரோஸ்லாவ் தீத்ல் எழுதி 1975இல் ஒளிபரப்பான ‘ஹம்ர் குடும்பத்தின் இளையவன்’ என்னும் தொடர், பண்ணைத் தலைவர் ஒருவரின் வாழ்க்கையை 1945 முதல் நிகழ்காலம் வரை விரித்தது. யாஸ்னீயின் படம் எடுத்துக்கொண்ட அதே காலத்தையும் அதே ஊர்ச் சூழலையும் அது மறுபடி எழுதியது எனலாம்.

தீத்லின் தொடர் ஐம்பதுகளின் படங்களுக்கு அப்படியே திரும்பவில்லை. குடும்பப் பிளவும் வருத்தமும் தவறுகளும் இருந்ததை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவை தனிமனிதரின் குணக்கேட்டால் விளைந்தவையாகவும், காலப்போக்கில் ஆறியவையாகவும் காட்டப்பெறுகின்றன. இயல்பாக்கக் காலத் தொடர்கள் அரசியலைக் குடும்ப வாழ்வாக மாற்றியமைத்ததைப் பௌலினா பிரென் விரிவாக ஆராய்ந்துள்ளார். அம்மாற்றத்தின் தெளிவான வடிவம் இத்தொடரில் உள்ளது. வரலாற்றின் விலை வீட்டுக்குள் செலுத்தப்பட்டுவிட்டது. ஆகவே பொதுவில் கணக்குக் கேட்க எதுவுமில்லை என்பதே அதன் உட்பொருள்.

அடுத்த பத்தாண்டில் நகைச்சுவை அந்த இடத்தைப் பெற்றது. ஸ்தெனெக் த்ரோஷ்கா தாம் வளர்ந்த ஹொஷ்தித்ஸே என்னும் தென்பொகேமியச் சிற்றூரிலேயே எடுத்த ‘வெயில், வைக்கோல், ஸ்ட்ராபெரி’ (1984) படத்தில், வேளாண் மாணவன் ஒருவன் மாடுகளுக்கு இனிய சூழலும் இசையும் அளித்துப் பால் பெருக்கும் சோதனைக்காகப் பண்ணைக்கு வருகிறான். ஊர் வம்பும் சண்டையும் காதலும் படத்தை நிறைக்கின்றன. பண்ணை எவ்வாறு உருவானது என்று எவரும் கேட்பதில்லை. வானிலையைப் போல் அது எப்போதும் இருப்பதாகிவிட்டது. பண்ணைத் தலைவரும் பாதிரியாரும் ஒரே அளவில் கேலிக்குரியோர் ஆகின்றனர். முப்பதாண்டுகளுக்கு முன் ஒருவர் மற்றவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய உறவு அது என்பதற்குத் திரையில் தடயமில்லை.

யிர்ஷி மென்ட்ஸெலின் ‘மையச் சிற்றூராம் என் சிற்றூர்’ (வெஸ்னிச்கோ மா ஸ்த்ஷெதிஸ்கொவா, 1985) இவ்வரிசையில் நுட்பமானது. ஸ்தெனெக் ஸ்வியெராக் எழுதிய இப்படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. தலைப்பிலுள்ள ‘மைய’ என்னும் சொல் நிர்வாகச் சொல்லாகும். எழுபதுகளில் சிற்றூர்கள் மைய ஊர்கள், மையமல்லாத ஊர்கள் என வகைப்படுத்தப்பட்டு, முதலீடு மைய ஊர்களுக்கே சென்றது. பண்ணைகளும் பெரிய அலகுகளாக இணைக்கப்பட்டன. கோப்பிலிருந்து எடுத்த சொல்லோடு ‘என்’ என்னும் அன்புச் சொல்லைச் சேர்த்ததிலேயே படத்தின் அங்கதம் தொடங்குகிறது.

பண்ணையின் லாரி ஓட்டுநர் பாவெக், அவரிடம் உதவியாளராக உள்ள மனவளர்ச்சி குன்றிய இளைஞன் ஓத்தீக் ஆகியோரின் உறவே கதை. பெற்றோரை இழந்த ஓத்தீக்குக்கு உரியது ஒரு பழைய வீடு. அதனை வார இறுதி இல்லமாக்க விரும்பும் பிராக் நகரத்தார், அவனுக்கு நகரத்தில் வேலையும் அடுக்குமாடிக் குடியிருப்பும் அளித்து வீட்டைப் பெற முயல்கின்றனர். ஓத்தீக் நகரம் செல்கிறான். பாவெக் சென்று அவனை மீட்டு வருகிறார். நிலம் பற்றிய பேச்சே இல்லாத இப்படத்தில், அதிகாரத்தோடு தொடர்புடைய ஒருவர் எளிய ஒருவனின் சொத்தை அவனது ‘இசைவுடன்’ பெறும் கதையே மையமாக உள்ளது. கூட்டுடைமையாக்கத்தின் கதைவடிவம் அதன் பெயர் சொல்லப்படாமல் இங்கு மீள்கிறது. இம்முறை ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. 1969இல் எடுத்த தம் ‘நூலில் கட்டிய வானம்பாடிகள்’ படம் பூட்டிவைக்கப்பட்டதைக் கண்ட மென்ட்ஸெல், சொல்லக்கூடியவற்றின் எல்லையை அறிந்தே இக்கதையைத் தேர்ந்தார் எனக் கருத இடமுண்டு.

7. சான்றுகளின் எல்லை

இவ்வாசிப்புக்குச் சில வரையறைகள் உண்டு. திரைப்படங்கள் உழவரின் நேர்க்குரல் அல்ல. யாஸ்னீயும் கன்தூர்கோவாவும் ஸ்வியெராக்கும் எழுத்தறிவு மிக்க படைப்பாளர்களாக நின்றே ஊரைக் கண்டனர். பண்ணைகளால் வாழ்வு மேம்பட்டோரும் இருந்தனர். நிலமற்றோருக்கு நிலையான ஊதியமும் முறையான விடுப்பும் ஓய்வூதியமும் பண்ணைகள் வழியே வந்தன. அறுபதுகளுக்குப் பின் சிற்றூர்களின் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது. எண்பதுகளின் நகைச்சுவைப் படங்களை மக்கள் விரும்பிக் கண்டதற்கு அவ்வுயர்வும் ஒரு காரணமாகும். இவ்வுண்மையை ஏற்காத மறுவாசிப்பு, பழைய பரப்புரையைத் தலைகீழாக்கியதாகவே முடியும். எனினும், பிற்கால நலன், முற்கால இசைவை உண்மையாக்கிவிடாது. அவ்விரண்டையும் பிரித்து நோக்கவே இவ்வாய்வு முயன்றது.

முடிவுரை

மேற்கண்ட படங்களின் வரிசையில் பின்வரும் மாற்றம் புலனாகிறது. 1950–52 காலப் படங்களில் கையெழுத்து கதையின் முடிவு. 1959இல் ஹெல்கே அம்முடிவுக்குப் பின் என்ன என்று கேட்டார். 1968–69இல் யாஸ்னீயும் ஸிரோவீயும் அது எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்டனர். 1975இல் தீத்ல் அதனைக் குடும்ப வருத்தமாக ஆற்றினார். எண்பதுகளில் அது திரையிலிருந்து முற்றிலும் மறைந்தது. மனமுவந்து இடப்பட்ட கையெழுத்தாயின், அதனைத் திரும்பத் திரும்ப நியாயப்படுத்தவோ, அதைக் குறித்துப் பேசிய படங்களைப் பூட்டிவைக்கவோ தேவை எழுந்திராது. பரப்புரைப் படங்களின் வலியுறுத்தலும், பெட்டகத்தின் பூட்டும், நகைச்சுவையின் மௌனமும் ஒரே உண்மைக்கு மூவகைச் சான்றுகள் ஆகின்றன.

1991ஆம் ஆண்டு நிலச்சட்டம், பறிக்கப்பட்ட நிலங்களை மீளப்பெற வழி வகுத்தது. நிலப்பதிவேட்டில் பெயர்கள் அழியாமல் நின்றமையால் பல குடும்பங்கள் தம் உரிமையை நிறுவ இயன்றது. ஆனால் பதிவேட்டில் எல்லைக்கோடாக இருந்த வரப்பு, நிலத்தில் இல்லை. பல தலைமுறைகளாக அண்டை உழவர் இருவர் நின்று பேசிய இடமும் அதுவே. சட்டம் கோட்டை மீட்டுத் தந்தது. அந்த இடத்தில் நின்று பேசியோரின் உறவு என்னவாயிற்று என்பதற்கான பதிவேடாக இன்று எஞ்சியிருப்பவை, பெட்டகத்திலிருந்து வெளிவந்த அத்திரைப்படங்களே.